ஒரு கூரையும் ஒரு குறிக்கோளும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஹெவ்லொக் டவுனிலுள்ள நமது இல்லத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். பல ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் பயின்றவர். இப்பொழுது கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், உயிரிழந்தோர் குடும்பங்களுக்கும் விபத்துக்குள்ளானோர்க்கும் உரிய பணத்தைத் தீர்த்துக் கொடுக்கும் பகுதிக்குத் தலைவராக உயர்ந்திருக்கிறார். பதவி உயர்வைச் சொல்லி மகிழ வந்திருக்கிறார் என்றே நாம் எண்ணினோம். ஆனால் தேநீர் அருந்தி முடியும் வரை அவர் முகத்தில் மகிழ்ச்சியின் சாயல் தோன்றவில்லை.

"சேர், எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எல்லோரும் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திசை. ஒரு கோப்பு தாமதமானால், 'அது என்னுடைய வேலை அல்ல' என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். மதிய உணவுக்குச் சிங்களவர் ஒரு மேசை, தமிழர் ஒரு மேசை, முஸ்லிம்கள் ஒரு மேசை. நாலரை மணியானால் அறையில் ஒருவரும் இரார். கூட்டம் வைத்துப் பார்த்தேன், கண்டித்தும் பார்த்தேன். எல்லோரையும் கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்கு அழைத்துச் சென்று விருந்தும் கொடுத்தேன். மறுநாள் பழைய கதைதான். இவர்களை ஒன்றாக்குவது எப்படி?"

உடனே விடை சொல்ல நமக்குத் தோன்றவில்லை. "வாரும், தம்பி, சிறிது நடந்துவிட்டு வருவோம்" என்று அவரை அழைத்துக்கொண்டு ஹெவ்லொக் வீதிக்கு வந்தோம்.

அவ்வீதியில் வானளாவ நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்களை வாசகர்கள் பலர் கண்டிருப்பர். ஹெவ்லொக் சிற்றி என்பது அவற்றின் பெயர். இன்று அங்கே குடியிருக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேர், அந்த நிலத்திலேதான் முன்னாளில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது என்பதை அறிவர்? 1930களில் இலங்கையின் மிகப் பெரிய துணி ஆலை அதுவே. ஏறத்தாழ 1,400 தொழிலாளர் அங்கே வேலை செய்தனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் மலையாளிகள். எஞ்சியோர் சிங்களவர். மொழி வேறு, ஊர் வேறு, உணவு வேறு. ஒரே கூரையின் கீழ்த் தறிகளின் ஓசையிடையே அவர்கள் நாளெல்லாம் நின்றனர். ஆயினும் ஒரு கூரை மட்டும் மனிதரை ஒன்றாக்கிவிடுவதில்லை.

1933 ஆம் ஆண்டில் அவர்களை ஒன்றாக்கியது வேறொன்று. நிர்வாகம் கூலியைக் குறைத்தது. குறைந்த கூலி மலையாளியின் அடுப்பையும் சிங்களவரின் அடுப்பையும் ஒருங்கே அணைத்தது. மொழி வேறுபட்ட தொழிலாளர் ஒருமித்து ஆலையை விட்டு வெளியேறினர். இளைஞர் கழகத்தைச் சேர்ந்த கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுடைய சங்கத்தின் தலைவராகவும், வேர்னன் குணசேகர செயலாளராகவும் நின்று வழிநடத்தினர். ஆனால் அந்நாளில் கொழும்பிலே பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அவ்வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றார். மலையாளிகள் அந்நியர் என்னும் பேச்சு கிளம்பியது. கூலியைப் பற்றி நிகழ்ந்த போராட்டம் இனத்தைப் பற்றிய வாதமாகத் திசை திரும்பியது. அவ்வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

"இதில் உமக்கு ஒரு பாடம் இருக்கிறது" என்றோம். "பல ஆண்டுகள் ஒன்றாக நின்று வேலை செய்தும் உண்டாகாத ஒற்றுமை, எல்லோர்க்கும் பொதுவான ஒரு காரியம் கண்முன் நின்றபொழுது உண்டாயிற்று. அந்தக் காரியம் கண்ணை விட்டு மறைந்தபொழுது, 'நீ யார், நான் யார்' என்னும் கேள்வி அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. மூன்று மேசைகளில் பிரிந்து உண்பவர்களை ஒரு மேசைக்கு இழுப்பது உமது வேலை அன்று. அவர்கள் எல்லோரும் எதை நோக்கி வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டுவதே உமது வேலை."

மாணவர் சிறிது நேரம் சிந்தித்தார். "அது சரி, சேர். அவர்களுக்கு வயிற்றுப் பிரச்சினை இருந்தது, ஒன்றுபட்டார்கள். என்னுடைய பகுதியில் சம்பளம் குறையவில்லை. கோப்புகளையும் படிவங்களையும் வைத்துக்கொண்டு எந்தக் குறிக்கோளை நான் காட்டுவது?"

நல்ல கேள்வி. இதற்கு விடை கொழும்பில் இல்லை. மதுரையில் இருக்கிறது என்றோம்.

நம்மவர் பலர் மீனாட்சியம்மை தரிசனத்துக்காக மதுரை செல்வதுண்டு. அந்நகரிலே தரிசிக்கத் தக்க இன்னோர் இடமும் உளது. அது அரவிந்த் கண் வைத்தியசாலை. அதனை நிறுவியவர் டொக்டர் கோ. வெங்கடசாமி. 1918 ஆம் ஆண்டில் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் சிலர் பிள்ளைப்பேற்றின்போது இறந்ததைக் கண்டு, பிரசவ வைத்தியராக வேண்டுமென்று எண்ணி வைத்தியம் பயின்றார். இராணுவ வைத்தியப் பிரிவில் சேவை செய்தபின், முப்பது வயதளவில் கடுமையான மூட்டுவாத நோய் அவரைப் பற்றியது. நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். கைவிரல்கள் வளைந்து கோணிவிட்டன. பிரசவ வைத்தியத்தைக் கைவிட நேர்ந்தது. ஆனால் வைத்தியத்தையே கைவிட அவர் உடன்படவில்லை. கண் வைத்தியம் பயின்று, அந்தக் கோணிய விரல்களாற் கத்தியைப் பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கண் சத்திர சிகிச்சைகளை அவ்விரல்களாலேயே செய்து முடித்தார்.

1976 ஆம் ஆண்டில் அரசாங்க சேவையிலிருந்து அவர் இளைப்பாறினார். நம்மிடையே இளைப்பாறியோர் பூந்தோட்டம் வளர்ப்பர், பேரப்பிள்ளைகளோடு விளையாடுவர். அவரோ பதினொரு கட்டில்களுடன் ஒரு சிறு கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். வீட்டை ஈடு வைத்தார். குடும்பத்தாரின் நகைகளும் அதற்குச் சென்றன. சகோதரி டொக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டொக்டர் நம்பெருமாள்சாமி, சகோதரர் சீனிவாசன் முதலியோர் அவருடன் சேர்ந்தனர். அவர்கள் எல்லோர்க்கும் அவர் காட்டிய குறிக்கோள் மிகச் சிறியது; ஒரு குழந்தைக்கும் விளங்கக் கூடியது. கண்புரையால் பார்வை இழந்தவர்களுக்குச் சத்திர சிகிச்சையினால் பார்வையை மீட்டுக் கொடுக்கலாம். அங்ஙனம் மீட்கத்தக்க பார்வையை வறுமையினால் ஒருவரும் இழந்திருத்தல் கூடாது. அவ்வளவே.

குறிக்கோளைச் சுவரில் எழுதி மாட்டுவது எளிது. அதை ஒவ்வொருவருடைய கையிலும் வேலையாகக் கொடுப்பதே அரிது. வெங்கடசாமியின் திறமை அங்கேதான் விளங்குகிறது. கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்களைத் தெரிந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளித்தார்கள். கண்ணைச் சோதித்தல், கண்ணாடிக்கு அளவெடுத்தல், நோயாளிக்கு விளக்கம் சொல்லி அச்சம் தீர்த்தல், சத்திர சிகிச்சைக்கு ஆயத்தம் செய்தல் ஆகிய யாவும் அப்பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சத்திர வைத்தியர் தாம் மாத்திரமே செய்யத்தக்க வேலையைச் செய்தால் போதும். ஒரே அறையில் இரண்டு மேசைகள்: ஒன்றில் சிகிச்சை நடக்கும்பொழுதே மற்றதில் அடுத்த நோயாளியை ஆயத்தம் செய்து வைத்திருப்பர். வைத்தியர் ஒன்றை முடித்து மற்றதற்குத் திரும்புவார். இதனால் ஒருவர் செய்யக்கூடிய சிகிச்சைகளின் தொகை பன்மடங்காயிற்று. பணம் செலுத்தக் கூடியவர் செலுத்துவர். இயலாதவர் இலவசமாகப் பெறுவர். முன்னவர் கொடுத்தது பின்னவருக்கும் பயன்படும்.

இதற்கான யோசனை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் வாசகர்கள் வியப்படைவர். அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் உணவுச்சாலைகளை அவர் கண்டார். சாதாரண இளைஞர்களைப் பழக்கி, எந்த ஊரிலும் ஒரே தரத்தில் உணவு கொடுக்க முடியுமானால், கண் சிகிச்சையை ஏன் அவ்வாறு கொடுக்க முடியாது என்று எண்ணினார். நாம் அங்கே உணவை மட்டும் காண்போம். அவர் அந்த உணவுக்குப் பின்னால் இருந்த கூட்டு வேலையைக் கண்டார்.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை முன்னர் வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்தது, ஏழைக்கு எட்டாதது. 1992 ஆம் ஆண்டில் ஒரோலாப் என்னும் தொழிற்சாலையை நிறுவி, அவ்வில்லையை மதுரையிலேயே மிகக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கினார்கள். குறிக்கோள் தெளிவாக இருந்தபடியால், அடுத்து எதைச் செய்வது என்பது பற்றி அவர்களுக்கு ஐயமே எழவில்லை.

2006 ஆம் ஆண்டில் டொக்டர் வெங்கடசாமி காலமானார். தலைவர் மறைந்தார், வைத்தியசாலை மறையவில்லை. மேலும் பல ஊர்களுக்குப் பரவியது. பிற நாட்டினருக்கும் தன் முறையைக் கற்றுக் கொடுக்கிறது. இதுவே உண்மையான தலைமைக்கு உரைகல் என்போம். தலைவர் போனதும் கலைந்துவிடுவது கூட்டம். தலைவர் போன பின்னும் நடப்பதுதான் குழு. அவர்கள் அவரைச் சுற்றி நிற்கவில்லை. அவரோடு சேர்ந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். 'இலட்சியம்' என்னும் சொல்லைச் சிலர் ஒரு கருவியாகக் கையாளுவர். "நாம் உயர்ந்த நோக்கத்துக்காக உழைக்கிறோம்" என்று கூறிக்கொண்டே சம்பளத்தைக் குறைப்பர். விடுமுறை நாளிலும் வேலைக்கு அழைப்பர். வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளரின் கதையை அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். தன் வீட்டை ஈடு வைத்தவர் பிறரிடம் உழைப்பைக் கேட்கலாம். தான் ஒன்றையும் இழக்காதவர் பிறரிடம் தியாகத்தைக் கேட்டல் தகாது.

வீடு திரும்பும் வழியில் மாணவர் இன்னொன்றும் கேட்டார்: "எல்லாம் நன்றாக நடக்கும்போது சரி. பிழை நேர்ந்தால் என்ன செய்வது?"

அப்பொழுது நமக்கு நினைவு வந்தது ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்ட் 10 ஆம் திகதி, இந்தியாவின் எஸ். எல். வி. 3 என்னும் ஏவுகலம் அங்கிருந்து புறப்பட்டு, வழிதவறி வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது. அத்திட்டத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் அப்துல் கலாம். அவருக்கு மேலே விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்தவர் சதீஷ் தவான். பத்திரிகையாளர் கூடியிருந்தனர். தவான் தாமே அவர்கள் முன் சென்று, தோல்விக்குப் பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1980 யூலை 18 ஆம் திகதி, அதே ஏவுகலம் ரோகிணி என்னும் செயற்கைக் கோளை வெற்றியுடன் சுற்றுப்பாதையிற் சேர்த்தது. இம்முறை பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி தவான் கலாமை அனுப்பினார். தோல்வி தலைவருக்கு, வெற்றி குழுவுக்கு. பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவராகிய கலாம் இந்நிகழ்ச்சியைப் பல மேடைகளில் நன்றியுடன் எடுத்துரைத்தார்.

இதைக் கேட்டதும் மாணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது.

"சேர் கோபிக்கக் கூடாது. அந்த ஆண்டு மலர் நினைவிருக்கிறதா?"

நினைவிருந்தது, அவர் சொல்லும் வரை அது நம்மை வருத்தியதில்லை என்பதே வெட்கம். நாம் முன்னர் கற்பித்த ஒரு கல்லூரியில் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பொறுப்பாசிரியராக இருந்தோம். மாணவர் குழு ஒன்று பெயரளவில் இருந்தது. கட்டுரைகளைத் தெரிந்தவர் நாம், திருத்தியவர் நாம், அச்சகத்துக்கு நடந்தவரும் நாமே. குழுவினர் கதிரை சுமந்தனர். கடைசி நேரத்தில் அச்சுப்படிகள் சிலவற்றைச் சரிபார்த்தனர். வெளியீட்டு விழாவில், பிரதம அதிதியின் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை இருப்பது தெரிய வந்தது. நாம் சபையிலே எழுந்து, "அப்பக்கத்தை நம் மாணவர் ஒருவர் சரிபார்த்தார்" என்று சொல்லிச் சிரித்தோம். சபையும் சிரித்தது.

"அந்த மாணவன் நான்தான், சேர். அதன்பின் நான் சங்கத்துப் பக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு மலரும் வரவில்லை."

உண்மை. அடுத்த ஆண்டு மலர் வெளிவரவில்லை. 'இக்காலத்து மாணவருக்குத் தமிழ் ஆர்வம் குன்றிவிட்டது' என்று அப்பொழுது நாம் இதே போன்றதொரு பத்தியில் எழுதியதும் நினைவுக்கு வந்தது. ஆர்வம் குன்றியது யாரால்? அம்மலர் தமிழுக்காக வெளிவந்ததாக நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் அது நமது பெயருக்காக வெளிவந்தது. இளைஞர்கள் அதனை நம்மிலும் விரைவாக உணர்ந்துகொண்டனர்.

"சென்ற கிழமை என்னுடைய பகுதியில் ஓர் அறிக்கை பிழையாகப் போய்விட்டது. மேலதிகாரி கேட்டபோது, அதை எழுதிய பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டேன். இப்போதுதான் விளங்குகிறது, இதை நான் யாரிடம் படித்தேன் என்று" என்றார் அவர். பழைய மாணவரிடம் மன்னிப்புக் கேட்பது ஆசிரியருக்குக் கடினமான காரியம். அன்று ஹெவ்லொக் வீதியில் நின்று அதைச் செய்தோம்.

அவர் சென்றபின் திருக்குறளை எடுத்துப் புரட்டினோம். ஐம்பத்தோராம் அதிகாரம் தெரிந்து தெளிதல்; அடுத்தது தெரிந்து வினையாடல்; அதற்கு அடுத்தது சுற்றந்தழால். தக்கவரை ஆராய்ந்து நம்புதல், அவரவர்க்கு ஏற்ற வேலையை ஆராய்ந்து ஒப்படைத்தல், பின்னர் சுற்றத்தாரை அணைத்துக் கொள்ளுதல். இவ்வரிசையை நாம் எத்தனை முறை வகுப்பிலே எழுதியிருக்கிறோம்! நம்பாமலே வேலையை ஒப்படைப்போம். ஒப்படைத்தபின் நாமே பிடுங்கிச் செய்வோம். அணைத்துக்கொள்வதை மட்டும் ஒருநாள் விருந்தினால் முடித்துவிடலாம் என்று எண்ணுவோம்.

இஃது உத்தியோகத்தருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தைப்பொங்கலன்று பிள்ளையிடம் கோலப்பொடியைக் கொடுத்துவிட்டு, கோணிவிட்டது என்று தாமே அழித்துப் போடும் தாய்மாரும், கூட்டாகச் செய்யும்படி கொடுத்த ஒப்படையைத் தனியே எழுதி முடித்துவிட்டு மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று பழிக்கும் மாணவரும் இதனைச் சிந்திக்கலாம். கோலம் சற்றே கோணலாயிருப்பினும், அதனை இட்ட கை அடுத்த ஆண்டும் முற்றத்துக்கு வரும்.

மூன்று வாரங்களின் பின்னர் மாணவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அறிக்கையில் நேர்ந்த பிழை தம்முடையதே என்று மேலதிகாரியிடம் திருத்திச் சொல்லிவிட்டாராம். அந்தப் பிள்ளையிடமும் வருத்தம் தெரிவித்தாராம். அதன்பின் ஒரு சிறிய ஏற்பாடு செய்தார். தம் பகுதியில் உள்ளோர் ஒவ்வொருவரையும் முறை வைத்து, ஒரு நாள் முற்பகல், பணம் கேட்டு வருவோரைச் சந்திக்கும் முன் மேசையில் இருக்கச் செய்தார். அதுவரை அவர்கள் இலக்கங்களை மட்டுமே கண்டிருந்தனர். இப்பொழுது கணவனை இழந்த பெண்ணைக் கண்டனர். கால் முறிந்த முச்சக்கர வண்டி ஓட்டுநரைக் கண்டனர். வந்தவர்கள் மூன்று மொழியிலும் பேசினர். ஆகவே ஒரு மேசைக்காரர் மற்ற மேசைக்காரரை உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

"நேற்று ஒரு விதவையின் கோப்பு முடியாமல் இருந்தது, சேர். நாலரை மணியானதும் எல்லோரும் எழுந்தார்கள். மூன்று பேர் திரும்பி வந்து இருந்தார்கள். நான் கேட்கவில்லை. ஆனால் மூன்று பேர்தான்."

"அரவிந்த் பதினொரு கட்டில்களுடன்தான் தொடங்கியது, தம்பி" என்றோம். "அந்த மூவரும் எந்த மேசைக்காரர்?"

சிறிது மௌனம். "அதைக் கவனிக்க மறந்துவிட்டேன், சேர்" என்றார்.

மறந்ததே நல்லது என்றோம்.